‘லா’ எங்கே வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி நாட்களில் என் ஆங்கிலக் கட்டுரை நோட்டில் சிவப்பு மை அதிகம் விழுந்தது ‘தி’ போட மறந்த இடங்களிலும், போடக் கூடாத இடத்தில் போட்டுவைத்த இடங்களிலும்தான். பல ஆண்டுகள் கழித்து எஸ்பெராண்டோ படிக்க உட்கார்ந்தேன். முதல் விதியே ‘தி’ போன்ற ஆர்ட்டிகிளைப் பற்றியது. புத்தகத்தை மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

1887-இல் வார்சாவில் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் தானே உருவாக்கி வெளியிட்ட மொழி அது. இலக்கணம் மொத்தம் 16 விதிகள். முதல் விதி சொல்வது இதுதான்: ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘ஆன்’ போன்றவை இங்கே கிடையாது, ‘தி’க்கு ஈடாக ‘லா’ என்ற ஒன்று மட்டும் உண்டு, பால், எண், வேற்றுமை எதற்கும் அது மாறாது. ‘லா போனா லிப்ரோ’ என்றால் அந்த நல்ல புத்தகம். பன்மையில் ‘லா போனாய் லிப்ரோய்’. அதையே செயப்படுபொருளாக்கினால் ‘லா போனாய்ன் லிப்ரோய்ன்’. மற்ற இரண்டு சொற்களும் வால் முளைத்துக்கொண்டே போகின்றன. லா மட்டும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் மொழியின் ‘தெர், தீ, தாஸ்’ஸோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த விதியோடு ஒரு குறிப்பும் உண்டு. லாவைக் கையாளச் சிரமப்படுகிறவர்கள் அதைப் பயன்படுத்தாமலே இருக்கலாமாம். இலக்கண நூலில் இப்படியொரு சலுகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாமென்ஹோஃப் வளர்ந்த பியாலிஸ்டாக் நகரில் புழங்கிய மொழிகளில் ரஷ்யனுக்கும் போலிஷுக்கும் ஆர்ட்டிகிள் இல்லை; யூதர்கள் பேசிய இத்திஷுக்கும் ஜெர்மனுக்கும் உண்டு. இரண்டு வீட்டுச் சாப்பாடும் தெரிந்த மனிதர்.

சலுகையை நான் சில மாதங்கள் தாராளமாகவே அனுபவித்தேன். பிறகு, 1905-இல் வந்த அவருடைய ‘ஃபுந்தமெந்தோ’ நூலின் பயிற்சிப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் கண்ணில் பட்டன. ‘ரோஸோ எஸ்தாஸ் ஃப்ளோரோ’: ரோஜா ஒரு பூ. அதே வரியின் தொடர்ச்சியில், ‘லா ரோஸோ அபார்தேனாஸ் அல் தெயோதோரோ’: ரோஜா தெயோதோரோவுக்குச் சொந்தம். முதலாவது எந்த ரோஜாவுக்கும் பொருந்தும். இரண்டாவது, இருவருக்கும் தெரிந்த, கண்ணெதிரே இருக்கிற ரோஜா.

அப்போதுதான் உறைத்தது, இதைத் தமிழில் நான் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்று. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. இந்த இரண்டையும் நாம் மாற்றிச் சொல்வதில்லை. முதலாவதில் ஐ உருபு தொக்கி நிற்கிறது. ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைக் கேட்பவர், ‘ஓ, நேற்றுச் சொன்னாயே, அதுவா?’ என்பார். எஸ்பெராண்டோவில் முதலாவது ‘மி அச்சேதிஸ் லிப்ரோன்’, இரண்டாவது ‘மி அச்சேதிஸ் லா லிப்ரோன்’. நம் ஐ ஒற்றை ஆளாகப் பார்க்கும் இரண்டு வேலைகளை அவர்கள் பங்கு பிரித்திருக்கிறார்கள். செயப்படுபொருள் என்று காட்ட னகர விகுதி. தெரிந்த பொருள் என்று காட்ட லா.

ஆனால் ஐ வரும் இடத்தில் லா போடலாம் என்ற இந்தக் குறுக்குவழியில் ஒரு பள்ளம் உண்டு. ஆட்களைச் சொல்லும்போது தமிழில் ஐ வந்தே தீரும். ‘வழியில் ஒரு சிறுவனைப் பார்த்தேன்’ என்கிறோம். யாரென்றே தெரியாத சிறுவன். அங்கே லாவைப் போட்டால் கேட்பவர், ‘எந்தச் சிறுவன்?’ என்று விழிப்பார்.

எழுவாய்க்கு ஐ உதவாது. அங்கே சொல்வரிசை கைகொடுக்கிறது. ‘வீட்டில் பாம்பு இருக்கிறது’ என்றால் அலறுவோம். ‘பாம்பு வீட்டில் இருக்கிறது’ என்றால், தேடிக்கொண்டிருந்த பாம்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இந்த இரண்டாவது பாம்புக்குத்தான் லா.

‘ஒரு’ என்ற சொல் எனக்கு வைத்த குழி வேறு. ‘என்னிடம் ஒரு நாய் இருக்கிறது’ என்று எண்ணி, ‘மி ஹாவாஸ் உனு ஹுந்தோன்’ என்று வெளிநாட்டு நண்பருக்கு எழுதினேன். ‘மற்றவை எங்கே போயின?’ என்று பதில் வந்தது. உனு என்றால் எண்ணிக்கையில் ஒன்று. வெறும் ‘ஹுந்தோன்’ போதும். இத்தனைக்கும் அதே பயிற்சிப் பகுதியில் சாமென்ஹோஃப் ஒரு கதையை ‘உனு வித்வினோ’ என்றுதான் தொடங்குகிறார். நம் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ மாதிரி, ‘ஒரு விதவைக்கு இரண்டு பெண்கள்’. கதை தொடங்க அது சரி, நாய்க்குச் சரிப்படவில்லை.

‘என் புத்தகம்’ என்பது ‘மியா லிப்ரோ’. அங்கே லா வேண்டியதில்லை. சூரியன் ஒன்றே ஒன்று என்பதால் ‘லா சூனோ’. ஊர்ப்பெயர், ஆள்பெயர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. மொழிகளின் கதை கொஞ்சம் வேடிக்கை. எஸ்பெராண்டோ என்ற பெயருக்கு முன்னால் லா வராது. தமிழுக்கு வரும். ‘லா தமிலா லிங்வோ’, அதாவது தமிழ் மொழி என்பதில் லிங்வோ உதிர்ந்துபோக, ‘லா தமிலா’ என்று நிற்கிறது. ‘மி பரோலாஸ் லா தமிலான்’ என்றால் நான் தமிழ் பேசுகிறேன்.

நன்றி, வணக்கம்.