காதால் அறிந்த சௌகார் ஜானகி

நேயர்களுக்கு வணக்கம்.

நடிகை சௌகார் ஜானகியைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர் முகத்துக்கு முன்னால் அவர் குரல்தான் வந்து நின்றது. எங்கள் ஊரில் அப்போது சினிமாக் கொட்டகை கிடையாது. வீட்டில் ஒரு ரேடியோ உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வசனத்தையும் பாட்டையும் மட்டும் கேட்க விடுவார்கள். 'இரு கோடுகள்' படத்தை நான் அப்படித்தான் முதலில் 'பார்த்தேன்'. கலெக்டர் அம்மா பேசுகிற அந்தத் தோரணையைக் கேட்டு, ஆள் எப்படி இருப்பார் என்று நானே ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன். பல வருஷம் கழித்துத் திரையில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அதிலும் அந்த நிமிர்ந்த கழுத்து, அப்படியே இருந்தது!

அவரைச் சினிமாவுக்குக் கூட்டி வந்ததும் வானொலிதான். 1931 டிசம்பர் 12இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னை வானொலியில் தெலுங்கு நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டுவிட்டு, இயக்குநர் பி.என்.ரெட்டி சினிமாவில் நடிக்கிறாயா என்று கேட்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நல்ல குடும்பத்துப் பெண் சினிமாவுக்கா என்று அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது. ஆனால் குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்தபோது, கைக்குழந்தைக்காரியாக அதே பி.என்.ரெட்டியிடம் போய் வாய்ப்புக் கேட்டார். அவர் தம்பி நாகி ரெட்டியிடம் அனுப்பினார். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தொடங்கி, முதல் படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எல்.வி.பிரசாத் இயக்கம், கதாநாயகன் அப்போது ஏறக்குறைய புதுமுகமான என்.டி.ராமராவ். 1950இல் வந்த அந்தத் தெலுங்குப் படத்தின் பெயர் 'ஷாவுகாரு'. தமிழில் சொன்னால் சௌகார், அதாவது காசுக்காரர். பணமில்லாமல் நடிக்க வந்த பெண்ணுக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் இது! அதுவும் நல்லதுக்குத்தான். வி.என்.ஜானகி ஏற்கெனவே இருந்தார், பிறகு பாட்டுக்கு ஒரு எஸ்.ஜானகி வந்தார். அடையாளம் தெரிய ஏதாவது ஒன்று முன்னால் வேண்டியிருந்தது.

தமிழுக்கு 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வளையாபதி' மூலம் வந்தார். அப்புறம் வந்த படங்களில் பெரும்பாலும் அழுகை. 'படிக்காத மேதை'யில் ரங்கனின், அதாவது சிவாஜியின், மனைவியாக வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் அத்தை அவர் படத்துக்குக் கிளம்பும்போது கைக்குட்டை போதாது என்று ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொண்டு போவாராம். அழுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியது அவருக்கு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. நான் அவரை ரசிப்பது வேறு இரண்டு படங்களில்.

ஒன்று 1964இல் வந்த 'புதிய பறவை'. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்று அவர் பாடி வரும் காட்சியை இன்றைக்கும் பாருங்கள். கண்ணில் ஒரு திமிர், உதட்டில் பாதிச் சிரிப்பு. படிக்காத மேதையில் தலை குனிந்து நின்ற பெண்ணா இவர் என்று தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் அவருடைய பெரிய வேலை பின்பாதியில் இருக்கிறது. செத்துப்போன மனைவி சித்ரா உயிரோடு வந்து வாசலில் நிற்கிறாள். கோபாலுக்கு, அதாவது சிவாஜிக்கு, கலங்குகிறது. நமக்கும்தான். வந்திருப்பவள் சித்ராவே அல்ல, உண்மையை வரவழைக்க வந்த போலீஸ் ஆள் என்பது கடைசியில்தான் தெரியும். படம் வந்து அறுபது வருஷம் ஆகிவிட்டதால் முடிவைச் சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்க வேண்டும். சித்ராவாக நடிக்கிற ஒரு பெண்ணாக ஜானகி நடிக்கிறார். கொஞ்சம் கூடினாலும் குட்டு உடைந்துவிடும்.

இன்னொன்று 'தில்லுமுல்லு', 1981. அங்கேயும் இதே வேலைதான். நடிப்புப் பைத்தியம் பிடித்த பணக்கார மாமி, ரஜினிக்கு அம்மாவாக வேஷம் போட்டுத் தேங்காய் சீனிவாசனை ஏமாற்ற வேண்டும். முன்னதில் நெஞ்சு உறைகிறது, இதில் வயிறு வலிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பதினேழு வருஷம்.

அவருக்குள் இப்படி ஒரு நகைச்சுவைக்காரி இருப்பதை ஊருக்குக் காட்டியவர் கே.பாலசந்தர். மேடையிலிருந்து திரைக்கு வந்த 'எதிர்நீச்சல்' படத்தில், 1968இல், அவர்தான் பட்டு மாமி. ஸ்ரீகாந்த் கிட்டு மாமா. 'அடுத்தாத்து அம்புஜத்தப் பார்த்தேளா' பாட்டில் அந்த நொடிப்பும் முகவாய்க்கட்டை இடிப்பும் யாரிடமிருந்து கற்றுக்கொண்டாரோ தெரியாது, தாய்மொழி தெலுங்கு என்று சொன்னால் எங்கள் தெரு மாமிகள் ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வருஷம் 'இரு கோடுகள்'. பிரிந்துபோன முதல் மனைவி கலெக்டராக வருகிறாள், கணவன் ஜெமினி கணேசன் அதே அலுவலகத்தில் குமாஸ்தா, வீட்டில் இரண்டாவது மனைவியாக ஜெயந்தி. அதில் கலெக்டர் முதலமைச்சரைப் பார்க்கப் போகும் காட்சி ஒன்று உண்டு. அண்ணா மறைந்த வருஷம் அது. முதலமைச்சரின் முகத்தைக் காட்டாமல் மேசையையும் அண்ணாவின் குரல் போன்ற ஒரு குரலையும் மட்டும் வைத்துக் காட்சியை முடித்திருப்பார் பாலசந்தர். ஒலிச்சித்திரத்தில் கேட்ட எனக்கு அங்கே எதுவுமே குறையவில்லை.

1970இல் 'காவியத் தலைவி'யைச் சொந்தமாகவே தயாரித்தார், தாயும் மகளுமாக இரட்டை வேஷம். அந்தக் காலத்தில் ஒரு நடிகை தன் பணத்தைப் போட்டுப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

'ஒளிவிளக்கு' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எம்.ஜி.ஆரின் நூறாவது படம். உயிருக்குப் போராடும் அவருக்காக ஜானகி, 'இறைவா உன் மாளிகையில்' என்று பாடி வேண்டுவார். 1984இல் எம்.ஜி.ஆர். நிஜமாகவே படுக்கையில் விழுந்தபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் என்ன படம் ஓடினாலும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். நான் பார்த்த கொட்டகையில் பாட்டு ஆரம்பித்ததும் முறுக்கு விற்கிற பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினான். பெஞ்சில் இருந்த பெண்கள் திரையில் இருக்கும் ஜானகியோடு சேர்ந்து கும்பிட்டார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு செட்டில் கிளிசரின் போட்டு அழுத அழுகை, அன்றைக்கு ஊர் அழுகையாகிவிட்டது.

தொலைக்காட்சி வந்த பிறகு வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் அவரை எங்கள் வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்தது. பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்களோடும் விடாமல் நடித்தார். 2020இல் வந்த சந்தானத்தின் 'பிஸ்கோத்' அவருக்கு 400ஆவது படம் என்றார்கள். 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு வயது தொண்ணூறு. கொஞ்சம் சீக்கிரமே கொடுத்திருக்கலாம்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. குரலுக்காகக் கூப்பிடப்பட்டவர் இவர். ஆனால் வானொலியில் ஜானகி பாட்டு என்று நாம் கேட்பதெல்லாம் சுசீலா அம்மாவின் குரல். 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே'வும் அப்படித்தான். சுசீலாவைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது, அது வேறு. ஆனாலும் இந்த உரை முடிந்ததும் பாட்டு வேண்டாம், 'இரு கோடுகள்' ஒலிச்சித்திரத்திலிருந்து கலெக்டர் பேசுகிற இரண்டு நிமிஷம் போடுங்கள் என்று நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். பழைய நாடாக்களில் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். கிடைக்காவிட்டால், நேயர்களே, அடுத்து சுசீலாதான்.

வணக்கம்.