யார் போய்ச் சொல்வது?

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாட்டின் தலைவரைப் பொதுவெளியில் விமர்சிப்பது ஃபேஷனா, கடமையா? இதுதான் தலைப்பு. கடமைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி தன் செல்போனைத் தூக்கிக் காட்டினார். பிரதமரைக் கிண்டல் செய்யும் ஒரு மீம், அதற்கு நாற்பதாயிரம் லைக். "இதைப் போட்டவருக்கு அவர் திட்டுகிற திட்டத்தின் பெயராவது தெரியுமா? இதுவா கடமை?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அந்த மீம் ஃபேஷன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி, செல்ஃபி எடுப்பதற்காகவே கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பக்தியே ஃபேஷன் என்று சொல்லிவிடுவோமா?

ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்தவர், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், நேருவுக்குப் பல்லாண்டு நண்பர். 1959இல், எண்பது வயதில், அந்த நண்பரின் கொள்கையை எதிர்த்து இதே சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஒரு தொழிலைத் தொடங்க அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்று பெயர் வைத்தார். அந்த முறை பெருமளவு தளர்ந்தது 1991இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பேரன் பேத்திகளோடு ஓய்வாக இருக்க வேண்டிய வயதில் அவருக்கு எதற்கு ஃபேஷன்?

சரி, எதிரணித் தலைவி அம்மா சொன்ன வாதத்துக்கு வருகிறேன். அதுதான் கனமான வாதம். "வீட்டுப் பெரியவர் தவறு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம். தெருவில் நின்று கத்துவோமா?" என்று கேட்டார்கள். கத்த மாட்டோம் அம்மா. ஏனென்றால் வீட்டுப் பெரியவரை நாம் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறோம். பிரதமரை எந்தப் பந்தியில் பார்ப்பது? ஒரு மனு எழுதினால் அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், தாலுகாவுக்குப் போய், கலெக்டர் ஆபீசுக்குப் போய், ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஆறும். மேலே போகப் போகக் கெட்ட செய்தியைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. நாற்காலி உயர உயர, சுற்றி நிற்கிறவர்கள் 'எல்லாம் நல்லபடியாக நடக்கிறது ஐயா' என்றுதான் சொல்வார்கள். பொதுவெளியில் சொல்வதற்கு மட்டும்தான் இந்தப் படிக்கட்டுகள் கிடையாது.

அந்தப் பேச்சையும் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு இந்திரா காந்தியின் அரசு நெருக்கடிநிலையைக் கொண்டுவந்தது. அன்றிரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த வீதிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. தணிக்கை வந்தது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வர வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு வெளியிட்டது. பிறகு அந்த வெள்ளைக்கும் அனுமதி இல்லை. நாடு முழுக்க லட்சம் பேருக்கு மேல் விசாரணை இல்லாமல் உள்ளே இருந்தார்கள். ஒரு வாய் இல்லை, ஒரு பேப்பர் இல்லை. எதிரணி கேட்கிற அமைதி அப்படியே கிடைத்தது.

அந்த அமைதியில் நடந்தது என்ன? 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள். பாடம் நடத்த வேண்டிய வாத்தியார்களுக்கு ஆள் பிடிக்கும் கோட்டா. ஹரியானாவில் உட்டாவர் என்று ஒரு கிராமம். 1976 நவம்பரில் ஒரு நாள் விடிவதற்குள் போலீஸ் அந்த ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்களையெல்லாம் வெளியே வரச் சொல்லி, கருத்தடை செய்ய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது அன்றைக்கே ஒரு பத்திரிகையில் வந்திருந்தால் அடுத்த ஊராவது தப்பித்திருக்கும். வரவில்லை. அப்புறம் 1977 மார்ச்சில் தேர்தல். உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதி, காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே 55 ஆயிரம் ஓட்டில் தோற்றார். மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள். எப்படித் தெரியும்? சொல்கிறவர்களையெல்லாம் அவர் சிறையில் வைத்திருந்தார். அந்த வாய்களை அடைத்தபோது தன் காதையும் சேர்த்து அடைத்துக்கொண்டார்.

"ஆனால் நாடு நெருக்கடியில் இருக்கும்போது தலைவரைக் குறை சொன்னால் எதிரிக்குத்தானே லாபம்?" என்றும் ஒரு கேள்வி வந்தது. 1962ஐ விடப் பெரிய நெருக்கடி எது? எல்லையில் சீனாவோடு சண்டை நடக்கிறது, நம் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். அப்போது வாஜ்பாய் முப்பது வயதுகளில் இருந்த ஒரு ராஜ்யசபா உறுப்பினர். நாடாளுமன்றத்தை உடனே கூட்டுங்கள் என்று அவர் கேட்கிறார். நேரு கூட்டுகிறார், நவம்பர் 8ஆம் தேதி, போர் முடிவதற்கு முன்பே. ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை வந்தபோது, வேண்டாம், மக்கள் கேட்கட்டும் என்றுதான் முடிவு செய்தார். தன் அரசைக் கிழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் போய் உட்கார்ந்தார். அவருக்கு இந்த விஷயத்தில் பழைய பயிற்சியும் உண்டு. 1937இல், காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் 'சாணக்கியன்' என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லாலுக்கு இவ்வளவு கூட்டமும் கோஷமும் நல்லதில்லை, சர்வாதிகாரியாகிவிடுவார், கவனமாக இருங்கள் என்று எச்சரித்த கட்டுரை. எழுதியவர் அவரேதான்.

சீனப் போருக்கு அடுத்த ஆண்டு, 1963 ஆகஸ்டில், சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் கிருபளானி, நாடு விடுதலை பெற்றபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர். அந்த விவாதத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா எழுந்தார். அதே ஆண்டு இடைத்தேர்தலில் ஜெயித்து அப்போதுதான் மக்களவைக்குள் வந்திருந்தார். இந்த நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள், பிரதமருக்காக ஒரு நாளைக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவாகிறது என்றார். மூன்று அணா என்றால் இருபது பைசாகூட இல்லை. பதினைந்து அணா என்றது அரசுத் தரப்பு. லோகியா விடவில்லை, கணக்கை எடுத்து வைத்து மல்லுக்கட்டினார். அவையில் மூன்றா பதினைந்தா என்று சண்டை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நேரு எவ்வளவு பெரிய மனிதர்! எத்தனை வருடம் சிறையில் இருந்தவர்! அவர் முகத்துக்கு நேரே, உங்கள் ஒரு நாள் செலவு இது, உங்கள் குடிமகனின் ஒரு நாள் பிழைப்பு இது என்று சொல்ல வேண்டுமென்றால், அந்தக் குடிமகன் மேல் எவ்வளவு பாசம் இருக்க வேண்டும்? தீர்மானம் தோற்றது. ஆதரவு 62 ஓட்டு, எதிர்ப்பு 347. தோற்கும் என்று லோகியாவுக்கு முதல் நாளே தெரியும். ஃபேஷனுக்குப் பேசுகிறவன் ஜெயிக்கிற பக்கம் பார்த்துப் பேசுவான். கூலிக்காரனின் ஒரு நாள் வரும்படியை டெல்லியில் அந்தப் பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைக்க வேறு வழி இல்லை என்பதால் அவர் பேசினார்.

"அரசியல் சட்டத்தில் கடமைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் விமர்சனம் எங்கே இருக்கிறது?" என்று எதிரணியின் வழக்கறிஞர் ஐயா கேட்டார். நல்ல கேள்வி ஐயா. 51ஏ பிரிவு. தேசியக் கொடியை மதிப்பது, பொதுச் சொத்தைக் காப்பது என்று வரிசையாக வரும். அதிலேயே அறிவியல் மனப்பான்மையையும், மனிதநேயத்தையும், ஆராய்ந்து கேட்டுச் சீர்திருத்தும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்றும் இருக்கிறது. இந்தப் பட்டியல் எப்போது சேர்ந்தது தெரியுமா? 1976இல், 42ஆவது திருத்தத்தில், நான் சொன்ன அதே நெருக்கடிநிலைக் காலத்தில்! எல்லார் வாயையும் கட்டிவைத்திருந்த அரசு எழுதிய பட்டியலில்கூட 'ஆராய்ந்து கேள்' என்பதை விட்டுவிட முடியவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. இரண்டே நிமிடம்.

2016 நவம்பர். 500, 1000 நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்து நான்கைந்து நாள். என் அத்தையோடு ஒரு வங்கி வாசலில் வரிசையில் நிற்கிறேன். கார்த்திகையில் அவர் மகளுக்குக் கல்யாணம். பணம் கணக்கில் இருக்கிறது, ஆனால் வாரத்துக்கு 20 ஆயிரம்தான் எடுக்கலாம். சமையல்காரருக்கு முன்பணம், பந்தல்காரருக்கு முன்பணம், பூக்காரருக்கு. அத்தை மஞ்சள் பையில் கல்யாணப் பத்திரிகையை வைத்திருந்தார். மானேஜரிடம் அதைக் காட்டினால் இரங்குவார் என்று ஒரு நம்பிக்கை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பத்திரிகையை எடுத்துத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "கல்யாண வீடுன்னு ஒண்ணு இருக்கும்னு யோசிக்கலியா? இதை யாரு போய் அவர்கிட்ட சொல்றது?"

பின்னால் நின்ற ஒருவர், "எல்லையில் ராணுவ வீரர் நிற்கிறார், நீங்கள் இரண்டு மணி நேரம் நிற்கக் கூடாதா?" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான் பட்டதாரி, அத்தை ஐந்தாம் வகுப்பு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 17ஆம் தேதி, கல்யாண வீட்டார் இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று அரசு அறிவித்தது. நான்கு நாள் கழித்து, விவசாயிகள் பழைய 500 ரூபாய் நோட்டில் விதை வாங்கலாம் என்று இன்னொரு அறிவிப்பு. நாடாளுமன்றத்திலும், தொலைக்காட்சியிலும், வரிசையில் நின்ற இடத்திலும் யார் யாரோ சத்தம் போட்ட பிறகுதான் இவை வந்தன. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் அத்தை மகளின் கல்யாணம் நடந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எனக்கு இல்லை.

அன்றைக்கு அந்த வெயிலில் அத்தை கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. இந்த மேடையில் சொல்லிவிட்டு உட்காருகிறேன். "நான் சொல்றேன் அத்தை."

வணக்கம்.