படகு வராத நாளில் சங்குக்குக் குளியல்

வணக்கம் மக்களே. மண்டபத்திலிருந்து பேசுகிறேன். காற்று இரைச்சல் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவன்தான் சங்கு, என் நாய். உடம்பு முழுக்க வெள்ளை, அதனால் அந்தப் பெயர். பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படிச் சொல்லி வளர்ப்பவற்றில் பாதிக்கு மேல் இண்டியன் ஸ்பிட்ஸ்தான், இவனும் அதுதான். இன்றைக்குக் காலையில் கருவாடு காயப்போட்ட இடத்தில் நன்றாகப் புரண்டுவிட்டு வந்திருக்கிறான். உங்களுக்கு வாடை வராது, கொடுத்து வைத்தவர்கள்.

நான் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் விடியக்காலையில் கரை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு எனக்கு இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்தால் நாயைப் பார்க்கத் தோன்றாது, பாயைத்தான் தேடும். முதல் வருடம், மாதத்தில் ஒரு நாள் மொத்தமாகச் சீவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காதுக்குப் பின்னால் முடி கயிறு மாதிரி திரித்துக்கொண்டது. பிரித்தெடுக்க இரண்டு மணி நேரம். வலி தாங்காமல் கடிக்கவே வந்துவிட்டான். தப்பு என் மேல்தான்.

இப்போது அடுப்பில் டீ கொதிக்கிற நேரம்தான் கணக்கு. அஞ்சு நிமிடம். ஒரு நாள் முதுகு, ஒரு நாள் வயிறும் அக்குளும், ஒரு நாள் வாலும் பின்தொடையும். மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும், ஆனால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு முடி இருக்கிறது. சிக்கு விழுவது அங்கேதான். ஒரு கையால் மேல்முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து வரிசை வரிசையாகச் சீவ வேண்டும்.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடேன் என்று பக்கத்து வீட்டு ராத்தா வருடா வருடம் சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த இரட்டை முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட மழித்தால் தோல் வெந்துவிடும், முடி பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்து நிற்கிற அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், எனக்கும் கம்பெனியில் வேலை குறைவு. அப்போது இவனைச் சீவி எடுக்கிற முடியில் ஒரு தலையணை தைக்கலாம்.

சீவும்போதே விரலால் தடவிப் பாருங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் உண்ணி இருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மண்ணெண்ணெய், பினாயில் தடவுகிற வேலை வேண்டவே வேண்டாம், நக்கினால் விஷம். இன்னொன்று, நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் என்கிற உண்ணி மருந்து பூனைக்கு ஆகாது. மீன் வாடைக்குப் பூனை வராத வீடு இந்தக் கரையில் ஏது?

பாதத்தையும் விரித்துப் பாருங்கள். மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல் வளர்ந்து கிடக்கிறது அல்லவா, அதன் முனை ஊசிதான். ஏறி நடந்தால் விரலிடுக்கில் முறிந்து நின்றுவிடும்.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போதும், அதுவும் படகு வராத வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எனக்கு இல்லாமல் போய் ரொம்ப நாள் ஆயிற்று, அந்த யோகம் இவனுக்கு வாய்த்திருக்கிறது. எண்ணெய் மட்டும் கிடையாது. சீவிவிட்டுத்தான் குளிப்பாட்ட வேண்டும், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். நம் ஷாம்பு வேண்டாம், நாய்த் தோலின் அமிலத் தன்மை வேறு, நமக்கு ஒத்துக்கொள்வது அதற்கு அரிப்பைக் கொண்டுவரும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, நுரையே வராது. அதில் அலசினால் முடி பிசுபிசுவென்று நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீரை நாய்க்கு ஊற்றுகிறாளே என்று அம்மா முணுமுணுப்பார். கடலில் இறங்கிவிட்டு வந்த நாளிலும் இந்த அலசல் உண்டு, ஷாம்பு இல்லாமல்.

துடைப்பதுதான் பெரிய வேலை. அடிமுடியில் ஈரம் நின்றால் புண் வரும். இரண்டு பழைய வேட்டி, அப்புறம் மின்விசிறி. இவனுக்கு நிமிர்ந்த காது, காற்றோட்டம் உண்டு. லேப்ரடார் மாதிரித் தொங்கு காது என்றால் உள்பக்கமும் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

நகம். தார் ரோட்டில் நடக்கிற நாய்க்கு அதுவாகத் தேயும், மணலில் தேயாது. போன வருடம் அவசரத்தில் உள்சதையோடு வெட்டிவிட்டேன், திண்ணை எல்லாம் ரத்தம். சோளமாவை அழுத்திப் பிடித்தபின் நின்றது. அதற்கப்புறம் நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். இப்போது ஒரு நாளைக்கு இரண்டே நகம், மயிரிழை மயிரிழையாக. வெட்டிய இடத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் நிறுத்திவிடுவேன், உடனே அவித்த மீன் துண்டு ஒன்று, முள் எடுத்தது.

சரி, டீ பொங்குகிறது. பின்னங்காலில் இன்னும் இரண்டு நகம் பாக்கி. அது நாளைக்கு.