லோனோட சேர்த்துத் தலையில கட்டுன இன்சூரன்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிழக்கு லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன். சனிக்கிழமை காலையில ஒரு ஆலோசனை மையத்துல உக்காந்து நம்ம ஆளுங்களுக்கு வர்ற லெட்டரைப் படிச்சு சொல்றது, ஃபாரம் நிரப்பிக் குடுக்கறது, பேங்குக்குப் பதில் எழுதறது, இதைத்தான் செஞ்சிட்டிருக்கேன், சம்பளம்னு எதுவும் இல்ல. எதைப் பத்திப் பேசுறீங்கன்னு ரேடியோ நிலையத்துல கேட்டாங்க, பி.பி.ஐ., அதாவது லோனோட சேத்து வித்த பேமென்ட் புரொடக்‌ஷன் இன்சூரன்ஸ் பத்தின்னு சொன்னேன். அது முடிஞ்சு போன கதையாச்சேன்னாங்க. எனக்கு அது இன்னும் முடியல, ஏன்னு சொல்றேன்.

எங்க தெருவுல மளிகைக் கடை வச்சிருந்த அண்ணன் ஒருத்தர், 2004ல கடையைப் பெருசு பண்ண ஒரு பேங்குல 7,500 பவுண்டு லோன் வாங்குனார். பேங்கு பேரு வேணாம். அக்ரிமென்ட் பேப்பர் நாலு பக்கம், அதை நான் என் கையில வச்சுப் பாத்திருக்கேன், ரெண்டாவது பக்கத்துல நடுவுல ஒரு சின்ன கட்டம், அதுல பிரிண்ட்லயே டிக் போட்டிருக்கு, இவர் பேனாவால போட்டது இல்ல. அதுக்குப் பக்கத்துல பேமென்ட் புரொடக்‌ஷன்னு போட்டு 1,700 பவுண்டு. அந்த 1,700ஐ இவர் கைக்காசுல இருந்து கட்டல, லோன்லயே சேத்துட்டாங்க, ஆக கடன் 9,200 ஆயிடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு அந்த இன்சூரன்ஸ் காசுக்கும் சேத்து வட்டி கட்டுனாரு மனுஷன். எதுக்கு இதுன்னு கேட்டதுக்கு "இதையும் போட்டாத்தான் லோன் சீக்கிரம் பாஸ் ஆகும்"னு கவுன்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சாம்.

2008ல அவருக்கு இடுப்பு டிஸ்க் நழுவி நாலு மாசம் படுக்கை. சரி இன்சூரன்ஸ் இருக்கே, தவணையை அவங்க கட்டுவாங்கன்னு க்ளெய்ம் போட்டா, வந்த பதில்ல ரெண்டு காரணம். முதுகு வலின்னா எக்ஸ்ரேலயோ ஸ்கேன்லயோ தெரியற மாதிரி ஆதாரம் வேணும், வெறும் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், குடுக்கற சர்டிபிகேட் பத்தாது. ரெண்டாவது, சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு வேலை போச்சுங்கிற பிரிவுல பணம் வரணும்னா தொழிலையே மொத்தமா இழுத்து மூடியிருக்கணும். கடையில அண்ணி உக்காந்து வியாபாரம் பாத்துட்டு இருந்தாங்க, அதனால கடை நடக்குதுன்னு அர்த்தமாம். சொந்தக் கடை வச்சிருக்கேன்னு லோன் ஃபாரத்துலயே எழுதிக் குடுத்த ஆளுக்குத்தான் இந்தப் பாலிசியைத் தலையில கட்டியிருக்காங்க.

இவர் ஒருத்தர் கதை இல்லங்க இது. பிரிட்டன்ல இந்த மாதிரி பாலிசி சுமார் 6 கோடியே 40 லட்சம் வித்திருக்காங்க, பெரும்பாலும் 1990ல இருந்து 2010 வரைக்கும். உடம்பு முடியாமப் போனா, விபத்து ஆனா, வேலை போனா கடன் தவணையை இன்சூரன்ஸ் கட்டும், பேச்சு அவ்வளவுதான், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரிட்டயர் ஆனவங்களுக்கு வித்தாங்க, வேலையே இல்லாதவங்களுக்கு வித்தாங்க, ஏற்கனவே இருக்கற வியாதிக்குக் காசு வராதுன்னு தெரிஞ்சே வியாதிக்காரங்களுக்கும் வித்தாங்க. இது கட்டாயம்னு பலபேருகிட்ட சொன்னாங்க, இன்னும் பலபேருக்கு இப்படி ஒண்ணு வாங்கியிருக்கோம்னே தெரியாது. வித்தவங்களுக்குக் கமிஷன் அப்படி. பின்னாடி 2014 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு வழக்குல, கணவரை இழந்த ஒரு காலேஜ் டீச்சர் கட்டுன 5,780 பவுண்டு பிரீமியத்துல 71.8 சதவீதம் கமிஷனாவே போயிருக்குன்னு வெளிய வந்துச்சு, அதை அந்தம்மாகிட்ட யாருமே சொல்லல. நூறு பவுண்டு கட்டுனா எழுபத்தி ரெண்டு பவுண்டு கிட்ட இடையில நின்னவங்களுக்குப் போயிருக்கு, மிச்சம் இருபத்தி எட்டுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு.

ஜனங்களுக்கு இலவசமா ஆலோசனை சொல்ற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005 செப்டம்பர்லயே இதை எடுத்து அரசாங்கத்தோட நியாய வர்த்தக அலுவலகத்துல சூப்பர் கம்ப்ளெயின்ட், அதாவது ஒரு துறை மேலயே மொத்தமா ஒரு புகார், குடுத்துட்டாங்க. அப்புறம் விசாரணை, அறிக்கை, அபராதம்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, 2008ல அலையன்ஸ் அண்ட் லெஸ்டர் பேங்கு மேல 70 லட்சம் பவுண்டு அபராதம் போட்டாங்க. ஆனா ஜனங்க குடுக்கற கம்ப்ளெயின்ட்டை பேங்குங்க எப்படிப் பாக்கணும்னு ஒரு முறை வர்றதுக்கு 2010 ஆகஸ்ட் ஆயிடுச்சு. அப்போ நிதித்துறையைக் கண்காணிச்சிட்டிருந்த எஃப்.எஸ்.ஏ. அந்த விதிமுறையை வெளியிட்டாங்க, டிசம்பர் 1ல இருந்து அமல்னு சொன்னாங்க. இன்னொரு விஷயமும் அதுல இருந்துச்சு. ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடந்திருக்குன்னு பேங்குக்கே தெரிய வந்தா, கம்ப்ளெயின்ட் குடுக்காத வாடிக்கையாளரையும் பாதிப்பு இருக்கான்னு பேங்கே தேடிப் பாக்கணும்னு.

அங்கதான் பேங்குங்களுக்குப் பொறுக்கல. அவங்க சங்கம், பிரிட்டிஷ் பேங்கர்ஸ் அசோசியேஷன், அக்டோபர்லயே ஹை கோர்ட்டுக்குப் போய் எஃப்.எஸ்.ஏ. மேலயும், பேங்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவுல புகாரைத் தீர்த்து வைக்கற ஆம்பட்ஸ்மேன் மேலயும் வழக்குப் போட்டுட்டாங்க. இவங்க வாதம் என்னன்னு நல்லா கவனிக்கணும். நாங்க தப்பே பண்ணலன்னு கோர்ட்டுல நிக்கல. விக்கும்போது இன்னது சொல்லணும் இன்ன பேப்பர் குடுக்கணும்னு தனித்தனியா விதி இருக்கு, அந்த விதியை மீறலன்னா நஷ்ட ஈடு கிடையாது, வாடிக்கையாளரை நியாயமா நடத்தணும்னு பொதுவா ஒரு கோட்பாடு எழுதி வச்சிருக்கீங்களே அதை வச்சு யாரும் எங்க மேல கேஸ் போட முடியாதுன்னு சட்டமே சொல்லுது, அப்புறம் அதை வச்சு எப்படிப் பணம் குடுக்கச் சொல்றீங்க, இதான் வாதம். கூடவே, பழைய விற்பனைக்குப் புதுசா அளவுகோல் கொண்டு வர்றீங்கன்னும் சொன்னாங்க.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்துலதான். டிக் போட்ட கட்டத்தை வச்சு வித்துட்டு, எந்த விதியில கட்டத்துல டிக் போடக்கூடாதுன்னு இருக்குன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. அதுவும் எப்போ? 2008ல கவிழ்ந்து கிடந்த லாயிட்ஸ், ஆர்.பி.எஸ்.ங்கிற ரெண்டு பேங்கையும் ஜனங்க வரிப் பணத்தைப் போட்டுத் தூக்கி நிறுத்தி ரெண்டே வருஷம் ஆகியிருந்த நேரம்.

கேஸ் நடந்த மாசங்கள்ல எங்க மையத்துல என்ன நடந்துச்சுன்னா, நாங்க எழுதுன கம்ப்ளெயின்ட்டுக்கெல்லாம் ஒரே அச்சுல பதில். கோர்ட்டுல வழக்கு இருக்கு, அது முடியற வரைக்கும் உங்க புகாரை நிறுத்தி வச்சிருக்கோம்னு. மளிகைக் கடை அண்ணனுக்கும் அதே லெட்டர். அதுக்குள்ள அவர் கடையை வித்துட்டு ஒரு குடோன்ல ராத்திரி ஷிப்ட் போக ஆரம்பிச்சிட்டார், லெட்டரைக் கொண்டு வந்து மேசையில வச்சுட்டு "இன்னும் எத்தனை நாள் தம்பி"ன்னு கேட்டார், எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

2011 ஏப்ரல் 20ல நீதிபதி ஊஸ்லி தீர்ப்பு சொன்னார், பேங்குங்க தரப்புல சொன்ன எதையும் ஏத்துக்கல. அவர் சொன்னதோட சாரம் என்னன்னா, நியாயமா நடத்தணும்ங்கிற கோட்பாடுதான் எப்பவும் கீழ இருக்கற அடிமண், தனி விதிங்க அது மேல போட்டது, மேல போட்டது வந்துட்டதால அடியில இருக்கறது இல்லாமப் போயிடாது. கோட்பாட்டை வச்சு நேரா கோர்ட்டுல கேஸ் போட முடியாதுங்கிறது உண்மைதான், ஆனா ஆம்பட்ஸ்மேன் பாக்க வேண்டியது எல்லா சூழ்நிலையும் வச்சு எது நியாயம்னுதான், சட்டம் அவருக்குக் குடுத்த வேலையே அது, அப்போ அவர் கோட்பாட்டைப் பாக்கலாம். அந்தத் தீர்ப்புச் செய்தியை நான் பஸ்ல போகும்போது படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்.

அப்பீல் போவாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. மே 5ஆம் தேதி லாயிட்ஸ் வழக்குல இருந்து தனியா விலகி, ஜனங்களுக்குத் திருப்பிக் குடுக்க 320 கோடி பவுண்டு ஒதுக்கறோம்னு அறிவிச்சுது, அன்டோனியோ ஹோர்டா ஒசோரியோ அந்த பேங்கோட தலைமைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அதோட மத்தவங்களும் இறங்கி வந்துட்டாங்க, மே 9ல அசோசியேஷன் அப்பீல் இல்லன்னு சொல்லிடுச்சு, பார்க்லேஸ் 100 கோடி ஒதுக்குச்சு, ஆர்.பி.எஸ். 85 கோடி. 2011 ஆரம்பத்துல இருந்து 2019 கடைசி வரைக்கும் கணக்குப் பாத்தா திருப்பிக் குடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கும் மேல.

ஆனா தோத்துப் போனதோட எல்லாம் சரியாயிடல. லாயிட்ஸ்ல கம்ப்ளெயின்ட் பாக்கற ஊழியர்கள்கிட்ட நம்ம விற்பனை முறை சரியானதுதான், அதையே முதல்ல வச்சுப் பாருங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க, அதனால நியாயமான புகாரெல்லாம் தள்ளுபடி ஆச்சு, 2015 ஜூன்ல 11 கோடியே 70 லட்சம் பவுண்டு அபராதம். கிளைட்ஸ்டேல் பேங்குல ஒரு குழு கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டையே மாத்தி, பேப்பர் எதுவும் எங்ககிட்ட இல்லங்கிற மாதிரி ஆம்பட்ஸ்மேனுக்கு அனுப்பியிருக்காங்க, அதுக்கும் அதே வருஷம் ஏப்ரல்ல 2 கோடி பவுண்டுக்கு மேல போட்டாங்க. வித்தது ஒரு தப்பு, ஐயா எனக்குத் தப்பா வித்துட்டீங்கன்னு வந்து நிக்கறவனைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பறது அதைவிடப் பெரிய தப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

எங்க ஆளுங்க அதிகமா ஏமாந்தது ஃபைனல் ரெஸ்பான்ஸ்னு, அதாவது பேங்கோட கடைசிப் பதில்னு, வர்ற லெட்டர்லதான். மூணு பக்கம் இருக்கும், முதல் பக்கத்துலயே உங்க புகாரை ஏத்துக்க முடியலன்னு இருக்கும், அதோட மடிச்சு டிராயர்ல போட்டுடுவாங்க. கடைசிப் பக்கத்துல, ஆறு மாசத்துக்குள்ள ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம்னு எழுதியிருப்பாங்க, அதைப் படிக்கறதில்ல. ஆம்பட்ஸ்மேன்கிட்ட போக நமக்கு ஒரு பென்னி செலவில்ல. இது தெரியாம டிவில விளம்பரம் பாத்து, நமக்காகப் புகார் போட்டுக் குடுத்துப் பங்கு எடுத்துக்கற க்ளெய்ம்ஸ் கம்பெனிகிட்ட போய் வந்த காசுல கால்வாசிக்கு மேல குடுத்தவங்களை எனக்கே நிறைய பேரைத் தெரியும். அண்ணனோட கேஸை நாங்களே ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் கொண்டு போனோம், 2012ல தீர்ப்பு அவர் பக்கம். கட்டுன பிரீமியம், அதுக்குக் கட்டுன வட்டி, அது மேல வருஷத்துக்கு எட்டு சதவீதம், எல்லாம் வந்துச்சு. கடை திரும்பி வரல.

2019 ஆகஸ்ட் 29ஓட பி.பி.ஐ. கம்ப்ளெயின்ட்டுக்குக் கெடு முடிஞ்சுது, இனிமே அதுக்காக யாரும் போன் பண்ணிக் காசு கேட்டா குடுத்துடாதீங்க. ஆனா இப்போ கார் லோன்ல அதே மாதிரி ஓடிட்டிருக்கு. கார் வித்த டீலருக்கு லோன் குடுத்த கம்பெனி கமிஷன் குடுத்திருக்கு, வாங்குனவங்ககிட்ட சொல்லல. 2024 ஜனவரியில கண்காணிப்பு அமைப்பு இதை எடுத்து, கம்ப்ளெயின்ட்டுக்குப் பதில் சொல்ற கெடுவையே நிறுத்தி வச்சுது, 2025 ஆகஸ்ட் 1ல சுப்ரீம் கோர்ட் பெரும்பகுதி கம்பெனிங்க பக்கம் சொன்னாலும் ஒருத்தரோட கேஸ்ல மட்டும் கமிஷன் அளவு ரொம்ப அதிகம், இது கடன் குடுத்தவங்களுக்கும் வாங்குனவருக்கும் நடுவுல நியாயமில்லாத உறவுன்னு சொல்லிட்டாங்க. நர்ஸ் வேலை பாக்கற ஒரு தங்கச்சி அவ கார் லோன் லெட்டரோட மையத்துக்கு வந்தா. உங்க புகாரை நிறுத்தி வச்சிருக்கோம்னு இருந்துச்சு, அந்த வரியை நான் இதுக்கு முன்னாடி எத்தனை தடவை படிச்சிருப்பேன்.

பழைய கார் அக்ரிமென்ட் வீட்டுல இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, இல்லன்னாலும் பரவாயில்ல, லோன் குடுத்தவங்ககிட்டயே கேட்டு வாங்கலாம். லெட்டர் எது வந்தாலும் கடைசிப் பக்கத்தையும் சேத்து எடுத்துட்டு வாங்க, சனிக்கிழமை பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன். வணக்கம்.