பெயர் ஒன்று, செய்வது வேறு: தேவகோட்டைத் தகப்பனாரின் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாள் விடவில்லை. தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு லூபஸ். காலில் இரத்தக்கட்டி வந்து சரியானது. ரிப்போர்ட்டில் 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. இரத்தம் உறையாது என்றுதானே அதற்குப் பொருள்? பிறகு ஏன் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறார்கள்?"

ஐயா, தப்பு உங்கள் மேல் இல்லை, பெயர் வைத்தவர்கள் மேல். லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்; அதற்காக அது உண்டாக்கும் புரதங்கள்தான் எதிர்ப்பொருள்கள். சோதனைக் குழாயில் இரத்தம் உறைவதற்குப் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வேண்டும். மகளின் இரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பொருள் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. உறைய நேரமாகிறது. அதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். உடம்புக்குள் நடப்பது நேர் எதிர், அங்கே உறைகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் அவ்வளவுதான். ஆனால் "கண்ணாடிக் குழாயில் ஒன்று, இரத்தக் குழாயில் வேறொன்று, அது ஏன்?" என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

சுவர்க் கதையை ஆரம்பித்துவிட்டார் என்று வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு வளவில், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர். சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் பளிங்கு போலக் குளிரும். காலண்டர் மாட்ட நான் ஓர் ஆணி அடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. வழுவழுப்பான இடத்தில் நிற்காத தூசி, அந்தப் பொக்கையில் அப்பிக்கொண்டது. ஆயா சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினார்கள்.

இரத்தக் குழாயின் உட்பூச்சும் அப்படித்தான் என்று முன்பு சொன்னேன். பாதிதான் சரி. சுவர்ப் பூச்சுக்கு உயிர் இல்லை. எண்டோதீலியம் என்ற இந்த உட்பூச்சு ஒரே அடுக்குச் செல்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் இரத்தக் குழாயை வைத்து ஆராய்ந்தவர். அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைப் போட்டால் குழாய்த் துண்டு சில சமயம் விரிந்தது, சில சமயம் சுருங்கியது. காரணம், துண்டு போடும்போது உட்பூச்சு உராய்ந்து போயிருந்தது! பூச்சு இருந்தால்தான் விரிந்தது. 1980இல் அதை எழுதினார். விரியச் சொல்லிப் பூச்சு வெளிவிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998இல் நோபல் பரிசை மூவர் பகிர்ந்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர். அதே நைட்ரிக் ஆக்சைடுதான், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது மகளின் உடம்புக்கு வருவோம். பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் I என்ற புரதம் இந்தச் செல்களின் மேல் வந்து உட்காரும். எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கிறது. செல் கிழிந்துபோவதில்லை, மிரண்டுபோகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளக் கொக்கி போன்ற மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணியையும் காட்டுகிறது. ஆயா வீட்டுச் சுவர் தூசியைக் கூப்பிடவில்லை, தூசி தானாக வந்தது. இந்தச் சுவரோ கையைப் பிடித்து இழுக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: பெயர்ந்த பூச்சு அல்ல, மிரண்ட பூச்சு. கண்ணாடிக் குழாயில் மிரள்வதற்கு யார் இருக்கிறார்கள்?

லூபஸ் உள்ள இளம் பெண்களுக்கு வயதுக்கு மீறி மாரடைப்பு வருவதிலும் இந்த உட்பூச்சுக்குப் பங்கு உண்டு. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஐயா, டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். முதல் பரிசோதனைக்குக் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தார்களா? காய்ச்சல், தொற்று வந்தாலும் இது தற்காலிகமாகப் பாசிட்டிவ் காட்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்திருந்தால், மலேரியா மாத்திரை எதற்கு என்று நினைத்து ஒதுக்கிவைக்காதீர்கள். லூபஸில் இரத்தம் கட்டும் வாய்ப்பை அதுவும் குறைக்கிறது. ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்கு மட்டும் கூட்டிப்போங்கள்.