டர்போவைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்று பெயர்தான். மேட்டுப்பாளையத்தில் பழைய மாணவர் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். காலையில் காபி குடித்ததும் அங்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே என் காதில் அதிகம் விழும் புகார் இதுதான்: "வண்டி முந்தி மாதிரி இழுக்கறதில்லீங்க. பிக்கப் சுத்தமா செத்துப்போச்சு."

சொல்பவரின் வண்டி பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதான டர்போ டீசல் கார். நம் ஊர்ச் சாலைகளில் அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் ஒன்று போதும். 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது, பிறகு டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று கம்பெனி வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டு வாசலிலும் நின்றது. 2020-இல் பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதுதான் ஓய்ந்தது. கால் டாக்ஸியில் போனவர்கள் எல்லோரும் அந்த எஞ்சினின் 'கடகட' சத்தத்தைக் கேட்டவர்கள்தான்.

டர்போ என்ன செய்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். டீசல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய பதினாலரை கிலோ காற்றாவது வேண்டும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், காற்றைத்தான் திணிக்க வேண்டியிருக்கிறது. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிடுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும் சக்கரம் அது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டர்போ டீசல் கார் விற்பனைக்கு வர 1978 வரை ஆனது, அதுவும் பென்ஸ் காரில். பலன் என்ன என்று கேட்டால், டர்போ இல்லாத பழைய இண்டிகா டீசல் 1405 சிசி, சுமார் 53 குதிரைத்திறன். இந்த மல்டிஜெட் 1248 சிசி, 75 குதிரைத்திறன். எஞ்சின் சிறிசு, இழுவை பெரிசு. எல்லாம் அந்தத் திணித்த காற்றும், டீசலைத் துல்லியமாகப் பீய்ச்சும் காமன் ரெயிலும் செய்த வேலை.

ஆகவே இழுவை குறைந்தால் கேள்வி ஒன்றே ஒன்று. குறைந்தது காற்றா, டீசலா? ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், போனட்டைத் திறப்பதற்கும் முன்னால், இதற்குப் பதில் தேடுங்கள். பதில் பின்னால் இருக்கிறது, புகையில்.

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது ரியர் வியூ கண்ணாடியில் பாருங்கள். கறுப்பாகக் கக்குகிறதா? அப்படியானால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லை, வண்டியும் நகரவில்லையா? டீசல் போதவில்லை, அல்லது வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் ஏதோ ஒரு சென்சாரைப் பார்த்துப் பயந்துபோய்த் தானாகவே டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை. காற்று குறைந்ததும் கம்ப்யூட்டரே டீசலையும் குறைத்துவிடுவதால் சில வண்டிகளில் கறுப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் காசு செலவில்லாத முதல் சோதனை இதுதான்.

இப்போது ஒரு மண்டிக்காரர் கதை. ஒர்க்‌ஷாப்பில் இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கேட்டால் என் மாணவர் தலையில் கை வைத்துக்கொள்வார். நீங்கள் புதிதாகக் கேட்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டி தெரியும் அல்லவா? அங்கே வியாபாரம் செய்பவர். வாராவாரம் கோத்தகிரி ஏறி இறங்குவார். சமவெளியில் அவருடைய கார் குறையில்லாமல் ஓடும், தொண்ணூறில் கூடப் போகும். மலை ஏறத் தொடங்கியதும் மாட்டுவண்டிகூட முந்திவிடும் என்கிற நிலை. பின்னால் வருகிறவன் முகத்தில் கரி. இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். ஓரிடத்தில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள். இன்னோரிடத்தில் டெஸ்ட் டிரைவ்கூடப் போகாமல், "டர்போ போச்சுங்க" என்று ஒரே வார்த்தை. விலையைக் கேட்டு மனிதர் காரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு பஸ்ஸில் கோத்தகிரி போக ஆரம்பித்துவிட்டார்.

எங்களிடம் வந்தபோது, "வாத்தியாரே, செகண்ட் ஹேண்ட் டர்போ ஏதாச்சும் கிடைக்குமுங்களா?" என்றுதான் கேட்டார். நான், "முதல்ல வண்டியைக் கொண்டாங்க, அப்புறம் டர்போவைப் பத்திப் பேசலாம்" என்றேன். கவனியுங்கள், அவர் சொன்னதிலேயே விடை பாதி இருந்தது. சமவெளியில் ஒரே சீராக ஓட்டும்போது டர்போவுக்குப் பெரிய வேலை இல்லை. ஏற்றத்தில்தான் அது முழு அழுத்தத்தில் காற்றை அனுப்புகிறது. அங்கே மட்டும் திணறி, கறுப்பாகவும் கக்கினால், அனுப்பிய காற்று வழியிலேயே எங்கோ ஓடிப்போகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

டர்போவிலிருந்து, சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு ஒரு ரப்பர் ஹோஸ், இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு இன்னொன்று. பத்து வருஷம் எஞ்சின் சூட்டிலும் ஆயில் பிசுக்கிலும் கிடந்த ரப்பர். மேலிருந்து பார்த்தால் புதிதுபோல இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கையை வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே வேலை பழகிய பையன் ஒருவன் கீழே படுத்து, ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் விரல் நின்றது. எடுத்துக் காட்டினான், ஆயிலும் புழுதியும் கலந்த கறுப்புச் சேறு. அந்த ஹோஸுக்குள் லேசான ஆயில் படலம் எப்போதுமே இருக்கும், அது குறை இல்லை. அது வெளியே வந்து சேறாகப் படிந்திருந்தால், காற்றும் அங்கேதான் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

பிறகு உறுதி செய்துகொண்டோம். ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து ரொம்பக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றினோம். பங்ச்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்குவதுபோலத்தான். குபுகுபுவென்று நுரை. நீளமான ஒரு வெடிப்பு. சும்மா இருக்கும்போது உதடு ஒட்டிக்கொண்டு மூடியே இருக்கும், அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும். அதனால்தான் எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் அது மாட்டவில்லை.

புது ஹோஸ், இரண்டு கிளாம்ப். டர்போவுக்குக் கேட்ட பணத்தில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. வண்டி எடுக்க அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார். பழைய ஹோஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த ரப்பருக்கா இத்தனை நாள் பஸ்ஸுல தொங்கிட்டுப் போனீங்க?" என்றார். மண்டிக்காரர் பர்ஸுக்குள் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதனால் மறுபடியும் சொல்கிறேன். முதலில் புகையைப் பாருங்கள், ஹோஸைத் தடவுங்கள் (எஞ்சின் ஆறிய பிறகு), டர்போவைக் கடைசியில் வையுங்கள்.

காற்றுப் பக்கத்தில் இன்னும் சில. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் எலி உள்ளே தேங்காய் நாரும் துணியும் சேர்த்துக் குடித்தனம் நடத்தும். அடுத்து இஜிஆர் வால்வு. மாசைக் குறைக்கப் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் வால்வு அது. டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிடும், எஞ்சின் தன் புகையையே சுவாசிக்கும். சில வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்துவது வேக்குவம், அதாவது வெற்றிடத்தின் இழுப்பு. அதற்குப் பென்சில் தடிமனில் ரப்பர் குழாய்கள் இருக்கும். காய்ந்து கீறல் விட்டிருக்கும். குழாயின் விலை ஒரு டீ, வடை.

இதற்கிடையில் ஒன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் இருக்க, மூன்றாம் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு, பிக்கப் இல்லை என்று வருபவர்களும் உண்டு. இந்தச் சிறிய எஞ்சின்களில் 2000 சுற்றை நெருங்கினால்தான் டர்போ முழுக்க விழிக்கும். அங்கே வேண்டியது மெக்கானிக் இல்லை, இரண்டாம் கியர்.

இனி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சொருகி போனில் பார்க்கும் சின்னக் கருவி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் 'பி 0299' என்று கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வந்ததும் டர்போவுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது காற்றழுத்தம் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்பதை மட்டும். மண்டிக்காரர் வண்டியிலும் அதே கோடுதான் இருந்தது! கோடு அறிகுறி, நோய் அல்ல.

அந்தக் குறியீட்டைவிட உபயோகமானது லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் எண்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, காற்றழுத்த சென்சார் காட்டும் எண்ணைப் பாருங்கள். டர்போ சுற்றவில்லை, எனவே அது ஊரின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் ஏறக்குறைய 1000 மில்லிபார். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், அங்கே 770, 780. சென்னையில் நின்றுகொண்டு 770 காட்டினால் கெட்டது டர்போ இல்லை, சென்சார். அது சரியாக இருந்தால், காலிச் சாலையில் மூன்றாம் கியரில் முழுக்க மிதியுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம். அந்த எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்கு ஏறினால் காற்று வருகிறது. நீங்கள் டீசல் பக்கம் போகலாம்.

டீசல் பக்கத்தில் முதல் குற்றவாளி ஃபில்டர். அதன் அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்து விட வேண்டும், நிறையப் பேர் வாங்கிய நாளிலிருந்து விட்டதில்லை. ஸ்கேனரிலேயே காமன் ரெயிலில் இருக்கும் டீசலின் அழுத்தமும் தெரியும். ஐடிலில் முந்நூறு பார் அளவில் இருப்பது, முழு மிதிப்பில் இந்த எஞ்சினில் 1600 பார் வரை ஏற வேண்டும். கம்ப்யூட்டர் கேட்பது ஒன்று, கிடைப்பது வேறு என்று இரண்டு எண்ணும் விலகிப் போனால் ஃபில்டர், பம்ப், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள். இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை பற்றித் தனியாக ஒரு தாள் எழுதி வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை விட்டுவிடுகிறேன்.

கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் எஞ்சின் பொறுப்பில்லை.

கடைசியில் வையுங்கள் என்று சொன்ன டர்போவுக்கு என் உரையிலும் கடைசி நிமிடம்தான் கிடைத்திருக்கிறது. எஞ்சின் நின்று நன்றாக ஆறிய பிறகு, காற்று உள்ளே வரும் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடுத் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இறக்கை சுவரில் உரசியிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் சைரன்போல ஊளைச் சத்தம், நீலப் புகை, ஆயில் குறைவது, இவை சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். டர்போ வழியாக ஆயிலைக் குடித்து எஞ்சின் தானாகவே வெறிபிடித்து ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டுத் திணறடித்து நிறுத்த வேண்டும்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டது என்றால், ஏன் போனது என்று கேட்காமல் புதிதை மாட்ட விடாதீர்கள். பெரும்பாலும் ஆயில் போகாமல்தான் சாகிறது. அதற்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாய் கரி அடைத்திருந்தால் புதிதும் சீக்கிரமே போய்விடும். அந்தக் குழாயையும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். தம்பி விளக்கைப் போட்டுவிட்டார். வணக்கம்.