மூச்சுக்கு ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

இடது, வலது நாசிகளில் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தி இன்று யோகா வகுப்பைத் தாண்டிக் கைபேசிக்குள் வந்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் விரிகிறது, நிற்கிறது, சுருங்குகிறது. அதன் வேகத்துக்கு நாம் மூச்சு விடுகிறோம். சிலர் முதல் வாரமே இழுக்க ஒரு பங்கு, அடக்க நான்கு, விட இரண்டு என்ற விகிதத்தில் இறங்கிவிடுகிறார்கள். பழைய கணக்குதான் அது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பூரகம் (உள்ளிழுத்தல்) 16, கும்பகம் (அடக்குதல்) 64, இரேசகம் (வெளிவிடுதல்) 32 மாத்திரை என்கிறார். மாத்திரை என்பது இங்கே கால அளவு.

கூட்டினால் 112. மாத்திரைக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் ஒரே மூச்சு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நெடுநாள் பழகியவர் போய்ச் சேரும் இடத்தைப் புதியவருக்கு முதல் பாடமாக வைப்பது தவறு. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

சரி, எங்கே தொடங்குவது? சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தரையில் உட்கார்ந்தால் இடுப்புக்கடியில் போர்வையை மடித்து வையுங்கள்; முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியே போதும், பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும்.

வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. மூக்கெலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் விரல் இருக்கவேண்டும். அழுத்தும்போது மூக்கு ஒரு பக்கம் கோணினால் அழுத்தம் அதிகம். முழங்கையைத் தூக்கிப் பிடித்தால் தோள் இறுகி, நெஞ்சு விரியாது.

இடது வழியாக இழுத்து வலது வழியாக விடுங்கள்; வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. இழுக்க 4 எண்ணிக்கை, விட 4. அடக்கவே வேண்டாம். ஆறு சுற்று போதும். ஒரு நாசி அடைப்பாகத் தோன்றினால் பயப்படாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாசிகள் மாறி மாறி அடைத்துத் திறப்பது உடலின் இயல்பு. சளிப் பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருக்கும் நாளில் மட்டும் விரலை எடுத்துவிட்டு மெதுவாக மூச்சு விட்டாலே போதும்.

அடுத்து நீட்டவேண்டியது வெளிமூச்சை. 4க்கு 5, பிறகு 4க்கு 6. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. மனம் அடங்குவதாக நாம் உணர்வதற்கு இது ஒரு காரணம். கணக்கு சரியா என்பதை அடுத்த உள்மூச்சு சொல்லிவிடும். அது அமைதியாக வந்தால் சரி. வாரிப் பிடித்தது போல வந்தாலோ, வெளிமூச்சின் கடைசி நடுங்கினாலோ ஒரு எண்ணிக்கை குறையுங்கள். தலை சுற்றல், விரல் நுனியில் மரமரப்பு, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தால் அளவுக்கு மீறி மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள். கரியமிலவாயு குறைந்து மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்கள்.

கும்பகம் இதற்கெல்லாம் பிறகு, அதுவும் நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியரிடம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை வேகமாக உதறும் கபாலபாதியும் இவர்களுக்கு வேண்டாம். குடலிறக்கம் இருந்தாலும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கான மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் கையை மடியில் வைத்து, எண்ணாமல் இரண்டு நிமிடம் இருங்கள். காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடராமல் மறுபடி 4க்கு 4 என்றே தொடங்குங்கள்.

வணக்கம்.